சீமைத்துத்தியும் நம் துத்தியும்

ஆள் உயரத்துக்கும் மேலாக நிமிர்ந்து நிற்கும் ஒற்றைத் தண்டு. அதில் அடி முதல் நுனி வரை உள்ளங்கை அகலத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு மலர்கள். பின்னால் ஆங்கிலேயக் குடில் ஒன்றின் கற்சுவர். இணைய வணிகத் தளங்களில் விற்கப்படும் ஹாலிஹாக் விதை உறைகளின் மேல் பெரும்பாலும் இந்தக் காட்சிதான் அச்சிடப்பட்டிருக்கிறது. இதைக் கண்டு மயங்கி, பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வைகாசி மாதத்தில் விதைப்பவருக்குக் கிடைப்பது தரையோடு படர்ந்த சில இலைகள் மட்டுமே. ஆடிக்காற்று ஓய்வதற்குள் அவையும் கருகிவிடும். விதை போலி என்று நொந்துகொள்வதோடு முயற்சி முடிந்துவிடுகிறது.

பெரும்பாலான நேரங்களில் விதை போலியன்று. பிழை பருவத்தில் இருக்கிறது. செடியை அதன் படத்தால் மட்டுமே அறிந்திருப்பதிலும் இருக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், தாமிரவருணிக் கரையில் வாழ்வோருக்கு இச்செடி அந்நியமே அல்ல. அதன் நெருங்கிய உறவுகள் வாசலிலும் வாய்க்கால் கரையிலும் சமையலறையிலும் இருக்கின்றன. அந்த உறவை அறிந்தவர் ஹாலிஹாக்கையும் வளர்க்க முடியும். அதைவிட முக்கியமாக, களை என்று தாம் வெட்டி எறிவது எது என்பதையும் அறிந்துகொள்வார்.

ஹாலிஹாக்குக்கு லின்னேயஸ் 1753இல் இட்ட பெயர் அல்சியா ரோசியா. பின்னர் சில தாவரவியலாளர்கள் அதனை அல்தியா என்னும் பேரினத்துக்கு மாற்றியதால் பழைய நூல்களில் அல்தியா ரோசியா என்றே காணப்படும். இரண்டும் ஒன்றே. வட இந்தியாவில் இதற்குக் குல்கைரா என்று பெயர். இதன் நெருங்கிய உறவான அல்தியா செடியை நம் மருத்துவ நூல்கள் சீமைத்துத்தி என்று வழங்குகின்றன. ஹாலிஹாக்குக்கும் அப்பெயர் நன்றாகவே பொருந்தும். ஏனெனில் துத்தியின் முகச்சாயல் இதில் அப்படியே இருக்கிறது.

அந்தச் சாயலைக் காண ஒரு பூவை எடுத்துக்கொண்டால் போதும். செம்பருத்திப் பூவின் நடுவிலிருந்து நீளும் குழலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நில்லாமல் ஒன்றாக இணைந்து குழலாகி, சூலகத் தண்டைச் சுற்றி உறைபோல நிற்கின்றன. பள்ளித் தாவரவியலில் இதை ஒருகற்றை மகரந்தத் தாள்கள் என்று படித்திருப்போம். மால்வேசி குடும்பத்தின் அடையாள முத்திரை இதுவே. வெண்டைப் பூ, பருத்திப் பூ, பூவரசம் பூ, துத்திப் பூ, ஹாலிஹாக் பூ ஆகிய எல்லாவற்றிலும் இக்குழலைக் காணலாம். செம்பருத்தியில் அது இதழ்களைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். ஹாலிஹாக்கிலும் துத்தியிலும் குட்டையாக, பூவின் நடுவிலேயே ஒரு சிறு தூரிகைபோல நிற்கும். அடுக்கு ஹாலிஹாக்கிலும் அடுக்குச் செம்பருத்தியிலும் இம்முத்திரை மங்கியிருப்பதற்குக் காரணம், மகரந்தத் தாள்களில் பல இதழ்களாக மாறிவிடுவதே.

குடும்பத்தை அறிந்த பின் ஆளை அறிய வேண்டும். அதற்குப் பூவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூவுக்குக் கீழே பச்சைப் புல்லிவட்டம் இருக்கும். அதற்கும் கீழே இன்னொரு வட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஹாலிஹாக்கில் ஆறு முதல் ஒன்பது சிறு செதில்கள் அடியில் இணைந்து ஒரு கிண்ணம்போல் அமைந்திருக்கும். செம்பருத்தியில் அவை ஒடுங்கிய குச்சிகள்போல் தனித்தனியாக நிற்கும். பருத்தியில் மூன்றே மூன்று. ஆனால் பெரியவை, விளிம்பில் பல் பல்லாகக் கிழிந்து காயையே மூடிக்கொள்பவை. துத்தியில் இந்த வெளிவட்டம் அறவே இல்லை. ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகூடத் தேவையில்லை.

பூக்காத செடியை என்ன செய்வது? ஹாலிஹாக்கின் இளஞ்செடி தரையோடு ஒட்டி வட்டமாக இலை விரிக்கும். இலைகள் பூசணி இலையை நினைவூட்டும்: வட்ட வடிவம், ஐந்து முதல் ஏழு ஆழமற்ற மடல்கள், சொரசொரப்பான மயிர்கள், காம்பு சேரும் இடத்திலிருந்து கைவிரல்போல் பிரியும் நரம்புகள். ஆனால் பற்றுக்கம்பி இராது, கொடி ஓடாது. துத்தி இலை இதய வடிவில், தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல மிருதுவாக, சற்றே சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். இரண்டையும் கசக்கினால் விரலில் வழவழப்பு ஒட்டும். வெண்டைக்காய் நறுக்கிய எவருக்கும் அந்த வழவழப்புப் பழக்கமானதுதான். தண்டைக் கிள்ளினால் சட்டென்று ஒடியாமல் பட்டை நாராக உரியும். இந்த நாரும் வழவழப்பும் குடும்பச் சொத்து.

இக்குடும்பம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. மரபணு ஆய்வின் அடிப்படையில் தாவரவியலாளர்கள் கடந்த நூற்றாண்டின் இறுதியில் செய்த மறுவகைப்பாட்டில் இலவ மரமும் கோக்கோவும் துரியனும் இதற்குள் வந்துவிட்டன. குற்றாலச் சாரல் காலத்தில் பழக்கடைகளில் மணத்தாலேயே தன்னை அறிவித்துக்கொள்ளும் துரியனும், வேலியோரத் துத்தியும் ஒரே குடும்பம் என்பதை நம்பச் சிறிது காலம் பிடிக்கும்.

இதைத் தாவரவியலாளருக்கு முன்பே கண்டுகொண்ட பூச்சி ஒன்று உண்டு. சிவப்பு உடலும் கருப்புப் புள்ளிகளும் கொண்டு, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு திரியும் பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சிதான் அது. பருத்திக் காடு, இலவ மரத்தடி, முற்றிய வெண்டைக்காய், துத்திக் காய் என அது கூடும் இடங்களைப் பட்டியலிட்டால் குடும்ப மரமே வரைந்துவிடலாம். ஹாலிஹாக் காய் பிடித்தால் அங்கும் அது வந்து சேரும்.

நெல்லைச் சீமையின் பொருளாதாரத்தில் இக்குடும்பத்துக்கு இருந்த இடமும் சிறியதன்று. பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி வணிக உலகில் ஊர்ப்பெயராலேயே 'தின்னவேலி' என்று அறியப்பட்டது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி இரகங்களில் நெடுங்காலம் உழைத்தது. பாபநாசத்து அருவியின் நீராற்றலை நம்பி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை எழுந்ததும் பருத்தியால்தான். பூவரசின் பங்கு வேறு வகை. காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்து வாடும் அதன் பூவையும், சிறுவர்கள் சுருட்டி ஊதும் அதன் இலையையும் அறியாத ஊர் இல்லை. வாய்க்கால் கரைகளில் மண்ணைப் பிடித்து நிற்பது அதன் வேர்.

இப்போது துத்திக்கு வருவோம். பாசன ஊர்களின் வரப்புகளிலும் காலி மனைகளிலும் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, வெயில் தாழ்ந்த பின் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூவை விரிக்கும் செடி இது. காய் வட்டமாக, பற்சக்கரம்போல் பதினைந்து, இருபது பிளவுகளுடன் இருக்கும். பணியாரத்துத்தி என்ற பெயர் அந்தக் காயால் வந்தது. ஹாலிஹாக்கின் காயும் இதே அமைப்புத்தான். ஆனால் பல்லின்றித் தட்டையாக, அடுக்கிய காசுகளை வட்டமாக வளைத்ததுபோல் இருக்கும். மூல நோய்க்குத் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டும் முறை இம்மண்ணில் வீட்டு வைத்தியமாகவே நிலைத்திருக்கிறது. கீரையாகவும் சமைத்து உண்கின்றனர். 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி அமைந்த பாளையங்கோட்டையில் துத்தியின் பெயரை அறியாதவர் குறைவு; செடியைச் சுட்டிக்காட்டத் தெரிந்தவர் அதனினும் குறைவு என்பதே இன்றைய நிலை.

இது வெறும் ஏக்கமன்று. இதில் ஆபத்தும் இருக்கிறது. ஆற்றுப்படுகையிலும் வற்றிய குளங்களிலும் துத்தியின் பக்கத்திலேயே மருளூமத்தை வளர்கிறது. உடலெங்கும் கொக்கி முள் கொண்ட காய், ஆட்டு மயிரிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். காய்க்காத பருவத்தில் அதன் இலையும் அகன்று, இதய வடிவை ஒத்திருப்பதால் துத்தி என்று மயங்க இடமுண்டு. அதன் விதையும் முளைச்செடியும் கொடிய நஞ்சு. வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் 2007ஆம் ஆண்டு, வெள்ளத்துக்குப் பின் உணவுத் தட்டுப்பாட்டில் இம்முளைச்செடிகளைக் கீரையாகச் சமைத்து உண்டவர்களில் பலர் உயிரிழந்தனர். வேற்றுமையை அறிவது கடினமன்று. மருளூமத்தை இலை உப்புத்தாள்போல் சொரசொரக்கும். தண்டில் கருஞ்சிவப்புத் தீற்றல்கள் இருக்கும். துத்தியின் வெல்வெட்டு மென்மை அதில் இராது. ஐயம் இருப்பின் பறிக்காமல் விடுவதே முறை. கைப்பேசிச் செயலி காட்டும் பெயரை மட்டும் நம்பி ஒரு கீரையை உலையில் இடுவது அறிவுடைமை ஆகாது.

சரி, ஹாலிஹாக்கை எப்படி வளர்ப்பது?

இயல்பில் இது ஈராண்டுச் செடி. முதலாண்டில் இலை, குளிர்காலம் கழிந்து இரண்டாம் ஆண்டில் தண்டும் பூவும். பூக்கத் தூண்டும் அந்த நீண்ட குளிர் நம் சமவெளியில் இல்லை. மார்கழி இரவிலும் திருநெல்வேலியின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால்தான் உதகையிலும் கொடைக்கானலிலும் பூங்காக்களில் எளிதாக ஓங்கும் செடி இங்கே இலையோடு நின்றுவிடுகிறது. விதைத்த ஆண்டிலேயே பூக்கும் ஓராண்டு இரகங்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. சமவெளியில் வாங்க வேண்டியவை அவைமட்டுமே. உறையின் மேல் படத்தைப் பார்ப்பதைவிட 'ஓராண்டு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது மேல். விதையையும் பார்க்கலாம்: ஹாலிஹாக் விதை தட்டையாக, வட்டமாக, விளிம்பு மெலிந்து ஒரு சிறு காசுபோல் இருக்கும். உருண்டையாக இருந்தால் அது வெண்டையாகவோ வேறெதுவாகவோ இருக்கும்.

வட இந்தியச் சமவெளியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் பூ காண்கிறார்கள். நமக்கும் அதே கணக்குத்தான். தாமிரவருணிப் பாசனத்தில் பிசானப் பயிருக்கு நாற்றுப் பாவும் காலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கார்ப் பருவம் இதற்கு ஒவ்வாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் புகும் தென்மேற்குக் காற்று, கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றும் வேகம் உடையது. ஆளுயரத் தண்டில் பூச்சுமையோடு நிற்கும் செடி அதற்கு ஈடுகொடுக்காது.

பிசானக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஹாலிஹாக்கின் வேர் முள்ளங்கிபோல் ஆழமாக இறங்கும் ஆணிவேர். நீர் தேங்கினால் அழுகும். நல்ல தோட்டக்காரருக்கும் வானிலை சில ஆண்டுகளில் வழிவிடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரவருணி கரைபுரண்டபோது, ஆற்றை ஒட்டிய தோட்டங்களில் தப்பியது எதுவுமில்லை. ஆகவே விதையை நேரடியாக மண்ணில் இடாமல், ஒரு சாண் உயரமுள்ள நாற்றுப் பைகளில் இட்டுத் தாழ்வாரத்தின் அடியில் வைப்பது நல்லது. ஒரு பைக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். மெலிந்ததை நீக்கிவிடலாம். ஆழமற்ற தட்டில் நாற்று விட்டுப் பிறகு பிடுங்கி நடுவது இச்செடிக்கு ஆகாது; ஆணிவேர் ஒடிந்தால் வளர்ச்சி நின்றுவிடும். ஐந்து இலை விட்டதும், மழை ஓய்ந்த ஒரு மாலையில், பையின் அடியை அறுத்து மண்கட்டி உடையாமல் நட வேண்டும்.

இடம் மேடாக இருக்கட்டும். பாளையங்கோட்டைச் செம்மண் என்றால் மக்கிய தொழுஉரம் கூடுதலாகத் தேவைப்படும். ஆற்றோர வண்டல் என்றால் வடிகால்தான் முதல் கவனம். கரிசலில் வளர்ப்போர் மணல் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்துக்கொள்ள வேண்டும். காலை வெயில் முழுமையாகவும், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சுவரின் நிழலும் விழும் கிழக்குப் புறம் உகந்தது. செடிக்குச் செடி ஒன்றரை அடி. தண்டு எழும்பத் தொடங்கியதும் மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். நீரை வேருக்கு மட்டும் ஊற்ற வேண்டும். இலை நனையக் கூடாது.

இலை நனைவது ஏன் கெடுதல் என்பதற்கு நெடிய வரலாறு உண்டு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் முதலில் அறியப்பட்ட துருநோய்ப் பூஞ்சை 1873இல் இங்கிலாந்தை அடைந்தபோது, அந்நாட்டின் ஹாலிஹாக் தோட்டங்கள் பெரும் அழிவைச் சந்தித்தன. இலையின் அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்களாகத் தோன்றும் இந்நோய் குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் தழைக்கும். மலைப்பகுதித் தோட்டங்களில் இதுவே முதல் எதிரி. நம் சமவெளியில் வெயில் இதை ஓரளவு அடக்கி வைக்கும். அடியிலை புள்ளி கண்டால் கிள்ளி எரித்துவிட வேண்டும். உரக்குழியில் இடக் கூடாது.

நமக்குரிய எதிரி மாவுப்பூச்சி. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றோடு நிற்காமல் செம்பருத்தியையும் துத்தியையும் வெண்பஞ்சாக மூடியதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். பூச்சிக்கொல்லிகளால் அடங்காத அதனை, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. வீட்டுத் தோட்டத்தில் மாவுப்பூச்சியைக் கண்டால் முதலில் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதும், பிறகு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் போதுமானவை. கடும் நஞ்சு தெளித்தால் முதலில் மடிவது அந்தக் குளவியாக இருக்கும்.

உறவு என்பது நோயையும் பங்கிட்டுக்கொள்வது. வெண்டையின் இலை நரம்பெல்லாம் மஞ்சளாக வெளுக்கும் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. மால்வேசி குடும்பச் செடிகள் சில அந்நச்சுயிரிக்குத் தங்குமிடமாகவும் அமைகின்றன. ஆகவே காய்கறிக்கு வெண்டை போட்டிருப்பவர் அதன் அருகிலேயே ஹாலிஹாக்கை அழகுக்காக நடுவது சரியன்று. வீட்டின் மறுபுறத்தில் நடலாம். துத்தியும் வேலியோரமாகத் தள்ளியே நிற்கட்டும். அதை அடியோடு பிடுங்கவும் வேண்டாம். வெண்டைப் பாத்திக்குள் விடவும் வேண்டாம்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் உறையின் மேல் கண்ட எட்டடி உயரம் இங்கே வராது. நான்கு, ஐந்து அடித் தண்டில் மாசி இறுதியில் பூக்கத் தொடங்கினால் அதுவே நல்ல விளைச்சல். கோடை முழுவதும் பூ வேண்டும் என்பவருக்கு ஹாலிஹாக்கைவிட, காலையில் வெள்ளையாக மலர்ந்து மாலைக்குள் சிவப்பாகும் நிறம் மாறும் செம்பருத்தியைப் பரிந்துரைப்பேன். அதே குடும்பம், ஏறக்குறைய அதே அளவுப் பூ. போத்து வெட்டி ஊன்றினாலே போதும், நம் வெயிலையும் தாங்கும். ஹாலிஹாக் ஒரு பருவத்து விருந்தாளி. அப்படிக் கருதி வளர்ப்பவருக்கு ஏமாற்றம் இல்லை.

பூ அடியிலிருந்து மேல்நோக்கி விரிவதால் நுனியில் மொட்டு இருக்கும்போதே அடியில் காய் முற்றத் தொடங்கும். சித்திரையில் பச்சைக் காய் வைக்கோல் நிறமாகிப் புல்லிவட்டம் பிரியும் தருணத்தில், சிவப்பு நாவாய்ப்பூச்சி முந்திக்கொள்வதற்குள், காயைப் பறித்து நிழலில் உலர்த்த வேண்டும். விரலால் நெருடினால் வட்டம் குலைந்து விதைகள் தனித்தனியாக உதிரும். காகித உறையில் இட்டு, உலர்ந்த வேப்பிலை இரண்டையும் சேர்த்து, ஈரம் படாத இடத்தில் வைத்தால் அடுத்த பிசானம் வரை கெடாது. இம்மண்ணில் ஒருமுறை பூத்துக் காய்த்த செடியின் விதை, உறையில் வந்த விதையைவிட நம்பத் தக்கது. உறையின் மேல் செடியின் பெயரோடு விதைத்த தேதியையும் பூத்த தேதியையும் எழுதி வைப்பது அடுத்த ஆண்டுக்கு உதவும்.